கொடுமுடி கோகிலம் கே.பி. சுந்தராம்பாள்

முத்தமிழ் என்று மேடைதோறும் முழங்குகிறோம். இயல், இசை, நாடகம் என விரல் மடக்கி எண்ணவும் செய்கிறோம். எனினும் நம் பாடத்திட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் இயலுக்கு மாளிகையும், இசைக்குத் திண்ணையும், நாடகத்துக்குத் தெருவும் ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். நாடக இலக்கியம் என்ற பெயரில் 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தைப் பயில்கிறோம். அது உயர்ந்த நூலே. ஆயினும் நடிப்பதைவிடப் படிப்பதற்கே ஏற்ற நாடகம். ஊர் ஊராக மக்கள் இரவு முழுதும் விழித்திருந்து கண்ட நாடகங்களும், அவற்றுக்கு உயிர் கொடுத்த கலைஞர்களும் வகுப்பறை வாயிலிலேயே நிறுத்தப்பட்டு விட்டனர்.

அவ்வாறு நிறுத்தப்பட்டவர்களுள் ஒருவரை இம்மலரின் பக்கங்களுக்குள் அழைக்க விரும்புகிறோம். ஒரு நடிகையின் வரலாறு கல்லூரித் தமிழ்த்துறை மலரில் இடம்பெறலாமா என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா மதிக்கத்தக்கதே. கூத்தாடுவோரை ஊருக்குள் பாராட்டி, வீட்டுக்குள் பழிக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட அம்மையாரின் வாழ்வைப் பார்த்தால், அவர் திரையில் ஏற்ற வேடங்களின் பட்டியலே ஒரு தமிழ் இலக்கியப் பாடத்திட்டம் போல அமைந்திருப்பது புலனாகும். நந்தனார், மணிமேகலை, ஔவையார், கவுந்தியடிகள், காரைக்காலம்மையார் என நீளும் அந்த வரிசையைக் கண்டபின், அவ்வினா தானே விடைபெற்றுச் செல்லும் என நம்புகிறோம்.

கொடுமுடி, காவிரிக் கரையில் அமைந்த பழம்பதி. இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ள அவ்வூர், அக்காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. அங்கே 1908ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுந்தராம்பாள் பிறந்தார். அவர் பெயருக்கு முன்னுள்ள எழுத்துகளை நாம் சற்றே நின்று நோக்க வேண்டும். முதலெழுத்து ஊரைக் குறிப்பது. இரண்டாம் எழுத்து பாலாம்பாள் என்னும் அவருடைய தாயாரைக் குறிப்பது. தந்தையின் பெயரை முன்னிறுத்தும் உலகில், தாயின் பெயரையே தம் பெயருக்கு முன் தாங்கி, அப்பெயருடனேயே புகழின் உச்சிக்கும் சென்றார். தாயின் பெயரை முதலெழுத்தாக இடுவது பற்றி இன்று அரசாணைகள் பேசுகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அது கொள்கையால் வந்ததன்று, வறுமையும் தனிமையும் தந்த முத்திரை அது.

பிள்ளைகளை வளர்க்கப் பாலாம்பாள் பட்ட பாடு பெரிது. குடும்பத்தில் உணவுக்கே தட்டுப்பாடு. சிறுமியிடம் இருந்த ஒரே செல்வம் குரல்தான். அக்குரலைக் கொண்டு தொடர்வண்டிகளில் பாடி, பயணிகள் இடும் காசைத் தாயிடம் கொண்டுவந்து சேர்த்தாள் அச்சிறுமி. நம் திருநின்றவூர் வழியாகச் செல்லும் மின்தொடர்வண்டிகளில் நாள்தோறும் பயணம் செய்யும் மாணவர்கள், பெட்டிக்குப் பெட்டி பாடிக்கொண்டு கை நீட்டும் சிறாரைக் கண்டிருப்பர். முகத்தைச் சாளரத்தின் பக்கம் திருப்பிக்கொள்வதும் நம் வழக்கமே. அத்தகைய ஒரு பயணத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத ஒருவர் இருந்தார். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வே அலுவலராகவும், நாடக ஆர்வலராகவும் விளங்கிய எப்.ஜி. நடேச ஐயரே அவர் என்பது பரவலான வழக்கு. திருச்சியில் இரசிக ரஞ்சன சபையை நிறுவியவரும், பின்னாளில் சேவாசதனம் திரைப்படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியுடன் நடித்தவரும் அவரே. சிறுமியின் குரலைக் கேட்டு வியந்த அவர், வேலு நாயரின் நாடகக் குழுவில் அவளைச் சேர்ப்பித்தார் என்பர். அப்போது சுந்தராம்பாளுக்கு வயது பத்துகூட நிறையவில்லை.

அந்நாளைய நாடக மேடையைப் பற்றிச் சில சொற்கள் கூறாமல் மேலே செல்ல இயலாது. சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைவதற்குள் எழுதிக் குவித்த நாடகங்களே தமிழ்நாடெங்கும் ஆடப்பட்டு வந்தன. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள், அரிச்சந்திரா போன்றவை ஊரறிந்த கதைகள். உரையாடல் குறைவு, பாட்டு மிகுதி. நடிகர் என்றாலே பாடகர் என்றுதான் பொருள். பாடத் தெரியாதவருக்கு மேடையில் பபூன் வேடத்தைத் தவிர வேறு புகலிடம் அரிது. பபூனும்கூடப் பாடியே தீரவேண்டும். சிறுவர்களைத் திரட்டிக் கட்டுப்பாட்டுடன் பயிற்றிய பாய்ஸ் கம்பெனிகள் ஒருபுறம். வெவ்வேறு ஊர்களிலிருந்து புகழ்பெற்ற நடிகர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்து, ஒத்திகையே இல்லாமல் ஒரே இரவுக்கு ஒன்றுசேர்க்கும் ஸ்பெஷல் நாடகங்கள் மறுபுறம். பின்னதில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடையிலேதான் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வதும் உண்டு. ஒருவர் தருக்கமாகப் பாட, மற்றவர் அந்த இராகத்திலேயே, அந்த நொடியிலேயே எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். தோற்றால் கொட்டகை முழுவதும் சிரிக்கும்.

ஒலிபெருக்கி அக்காலத்தில் இல்லை. தரையில் மணல் பரப்பிய கொட்டகையில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் உழவனின் செவிக்கும் சொல் தெளிவாகச் சென்று சேரவேண்டும். ஆகவே உச்சச் சுருதியில் பாடுவது நடிகர்களுக்கு வாழ்க்கைத் தேவையாயிற்று. சுந்தராம்பாளின் குரலில் பின்னாளிலும் நாம் கேட்கும் அந்தக் கணீரென்ற ஓசையும், ஒவ்வோர் எழுத்தையும் பிரித்து நிறுத்தும் உச்சரிப்பும் அந்தக் கொட்டகைகளில் பிறந்தவை. தமிழாசிரியர் பத்துப் பாடவேளைகளில் விளக்கும் லகர, ளகர, ழகர வேறுபாட்டை அவருடைய ஒரு பாடல் விளக்கிவிடும் என்று சொன்னால் அது மிகையாகாது.

முதலில் அவருக்குக் கிடைத்தவை சிறுவர் வேடங்கள். நல்லதங்காள் நாடகத்தில் பசியால் துடிக்கும் மூத்த பிள்ளையாக அவர் பாடியபோது அவையோர் கண்ணீர் விட்டனர் என அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பசியைப் பற்றிப் பாட அச்சிறுமிக்கு யாரும் பயிற்சி அளித்திருக்க வேண்டியதில்லை.

நாடகக் குழுக்களுக்குக் கடல் கடந்த பெரிய சந்தையாக விளங்கியது இலங்கை. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று; சென்னை எழும்பூரில் வண்டியேறினால் கொழும்பில் இறங்கலாம். கொழும்பில் வாழ்ந்த தமிழ் வணிகர்களும் தொழிலாளர்களும் தமிழ் நாடகங்களைப் பொருள் கொடுத்து ஆதரித்தனர். சுந்தராம்பாள் சிறுமியாக அங்கே சென்று, குமரியாக வளர்ந்து, நாயகி வேடங்களில் தனிப்புகழ் பெற்றது அம்மண்ணில்தான். தமிழ்நாடு தம் மகளின் அருமையை அறியுமுன் இலங்கை அறிந்துகொண்டது.

கிட்டப்பா

செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா, சிறுவனாகவே மேடையேறி, கன்னையாவின் நாடகக் குழுவில் பெரும்பெயர் பெற்றவர். அவர் குரல் எட்டாத சுருதி இல்லை என்று சங்கீத வித்துவான்களே தலையசைத்தனர். 1926இல் இலங்கையில் இவ்விருவரையும் ஒரே மேடையில் ஏற்ற நாடக ஏற்பாட்டாளர்கள் முனைந்தனர். கிட்டப்பாவோடு பாடினால் உன் பெயர் கெட்டுவிடும் என்று சுந்தராம்பாளை அச்சுறுத்தியவர் உண்டு. சுந்தராம்பாளோடு பாடினால் உங்கள் புகழ் குன்றிவிடும் என்று கிட்டப்பாவை எச்சரித்தவரும் உண்டு. இருவரும் அஞ்சவில்லை. வள்ளி திருமணத்தில் வேலனும் வள்ளியுமாக அவர்கள் மோதிக்கொண்ட இரவுகளைப் பற்றிய பேச்சு, அவற்றை நேரில் கண்ட தலைமுறை மறையும்வரை ஓயவில்லை.

மேடையில் போட்டியாகத் தொடங்கியது வாழ்வில் காதலாக முடிந்தது. 1927இல் இருவரும் மணந்துகொண்டனர். சாதி வேறு. அதனினும் பெரிய தடை, கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கிட்டம்மாள் என்னும் மனைவி இருந்தது. இந்துக்களிடையே இருதார மணத்தைச் சென்னை மாகாணச் சட்டம் 1949இல்தான் தடுத்தது. நாடு முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955இல் வந்தது. எனவே 1927இல் அம்மணம் சட்டத்துக்கு மாறானதன்று. ஆனால் சட்டம் இடங்கொடுத்தது என்பதனால் வீடு இடங்கொடுத்துவிடுமா? செங்கோட்டை வீட்டின் வாயில் நாடகக்காரிக்கு எளிதில் திறக்கக்கூடிய வாயிலாக இல்லை. முதல் மனைவியான கிட்டம்மாளின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவரைப் பற்றி எழுதுவோர் மிகக் குறைவு. பாடத் தெரியாத பெண்ணின் துயரத்துக்கு இசைத்தட்டு இல்லை.

சேர்ந்து நடித்த காலத்தில் அவ்விணைக்கு நிகர் வேறில்லை. தனியே நாடகக் குழுவும் நடத்தினர். ஊர்களில் அவர்கள் நாடகம் என்றால் வில்வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அவ்வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்த இருட்டை அறியச் சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் நமக்கு உதவுகின்றன. அவை பின்னாளில் அச்சேறிப் பலராலும் படிக்கப்பட்டவை. கணவர் செங்கோட்டையிலேயே தங்கிவிடுகிறார். வருவதாகச் சொன்ன நாளில் வருவதில்லை. கடிதத்துக்கு மறுமொழி இல்லை. மனைவி உரிமையோடு கேட்கிறார், ஊடுகிறார், பிறர் பேசும் பேச்சுகளைச் சொல்லி வருந்துகிறார், உடம்பைப் பார்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறார். தமிழில் எழுதப்பட்ட கடித இலக்கியத்துள் இவற்றுக்கு ஓர் இடம் உண்டு என்பது நம் கருத்து. அகத்திணை பயிலும் மாணவர், தலைவி கூற்றுக்கு உரை எழுதும்போது இக்கடிதங்களையும் ஒருமுறை படித்தல் நன்று.

கிட்டப்பா–சுந்தராம்பாள் காதலை அமர காதல் என்று புனைந்துரைப்பது நம்மவர் வழக்கம். நாம் அவ்வாறு மட்டும் சொல்லி அமைய விரும்பவில்லை. காதல் இருந்தது, ஐயமில்லை. அதனோடு புறக்கணிப்பும் இருந்தது; காத்திருத்தலும் இருந்தது. அவர்களுக்குப் பிறந்த குழந்தையும் தங்கவில்லை. கிட்டப்பாவின் உடல் குடிப்பழக்கத்தால் நலிந்துகொண்டே வந்தது. புகழும் பணமும் ஒருசேர இளமையில் வந்து குவியும்போது, கூடவே வந்து சேரும் நண்பர் கூட்டம் எத்தகையது என்பதைப் பெரியோர் அறிவர். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தார். அவருக்கு அப்போது வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அன்று தொடங்கி அம்மையார் வெள்ளுடை தரித்தார். நெற்றியில் திருநீறு, கழுத்தில் உருத்திராக்கம். இனி எந்த ஆடவருடனும் இணையாக நடிப்பதில்லை என உறுதி பூண்டார். மேடையையே விட்டு விலகிச் சில காலம் கொடுமுடியில் ஒதுங்கி வாழ்ந்தார்.

இவ்வுறுதியை எவ்வாறு மதிப்பிடுவது? கற்பின் சிகரம் என்று புகழ்ந்து நிறுத்திக்கொள்வார் ஒரு சாரார். ஒரு பெண் தன் வாழ்வையே பலியிட்டாள் என வருந்துவார் மற்றொரு சாரார். இரண்டுக்கும் இடையே ஓர் உண்மை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அந்நாளில் மேடையேறிய பெண்ணைச் சமுதாயம் யாருடைய உடைமையுமாகவே கருதிற்று; கணவனை இழந்த நடிகையைப் பற்றிச் சொல்லவே வேண்டா. வெள்ளைப் புடவையும் திருநீறும் அத்தகைய நாவுகளுக்கு முன் ஓர் அரணாயின. துறவுக்கோலம் அவருடைய நடமாட்டத்தைக் குறைக்கவில்லை; தனித்து நின்று தொழில் செய்யவும், ஒப்பந்தம் பேசவும், அரசியல் மேடையேறவும் அதுவே அவருக்கு வழிவிட்டது. துயரத்தின் கோலமாக ஏற்றது காலப்போக்கில் அதிகாரத்தின் கோலமாயிற்று. பின்னாளில் பட முதலாளிகளும் அமைச்சர்களும் அவர் எதிரே எழுந்து நின்றதில் அக்கோலத்துக்கும் பங்கு உண்டு.

இலட்ச ரூபாய் நந்தனார்

தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது 1931இல். டி.பி. இராஜலட்சுமி நடித்த காளிதாஸ் அவ்வாண்டு வெளிவந்தது. நாடகக் கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையரங்குகளாக மாறின. பாடத் தெரிந்த நடிகர்களைத் தேடிப் படமுதலாளிகள் அலைந்த காலம் அது. அசன்தாஸ் என்னும் தயாரிப்பாளர் நந்தனார் கதையைப் படமாக்க விரும்பிச் சுந்தராம்பாளை அணுகினார். நடிக்க மனமில்லாத அம்மையார், கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று எண்ணி ஓர் இலட்சம் ரூபாய் கேட்டாராம். அவர்களோ ஒப்புக்கொண்டுவிட்டனர். இலட்சாதிபதி என்னும் சொல்லைக் கதைகளில் மட்டுமே மக்கள் கேட்டறிந்த காலத்தில், தொடர்வண்டியில் காசுக்குப் பாடிய பெண் ஒரே படத்துக்கு இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். இந்தியத் திரையுலகில் எந்த நடிகரும் அதுவரை பெற்றிராத தொகை அது என்று சொல்வர்.

1935இல் வெளிவந்த அப்படத்தில் அம்மையார் ஏற்றது ஆண் வேடம், நந்தனார் வேடமே. ஆடவருடன் இணையாக நடிப்பதில்லை என்ற உறுதியும் காக்கப்பட்டது, கதையும் நடந்தது. வேதியராக நடித்தவர் கருநாடக இசையின் பெரும்புலவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கதையின் முடிவில் நந்தனாரின் பெருமையை உணர்ந்து வேதியர் வணங்கவேண்டும். உயர்சாதி வித்துவான் ஒருவர், தீண்டாதார் வேடமிட்ட ஒரு பெண்ணின் காலில் விழுவதா என்று வைதிகர் கொதித்தனர். திரைப்படக் காட்சியே இவ்வளவு சுட்டதென்றால், வாழ்வில் நந்தன்கள் பட்டது எத்தகையதாயிருக்கும் என்பதை மாணவர் உணரலாம். நம் ஊர்ப் பூசலாரைப் போற்றும் பெரியபுராணமே திருநாளைப்போவார் என்ற பெயரில் நந்தனாரையும் போற்றுகிறது. அக்கதையைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனைகளாக விரித்து நாட்டுமக்களிடம் சேர்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியாரிடமிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து திரைக்கும் அது வந்த வழியில் சுந்தராம்பாளின் குரல் ஒரு பெரும்படி.

படமாக அது சிறந்ததா? கல்கி ஆனந்த விகடனில் அதனைக் கடுமையாக எள்ளி எழுதினார். பாட்டுக்காகவே எடுக்கப்பட்ட படம். நடிப்பும் காட்சியமைப்பும் பின்தங்கின. அம்மையாருடைய வலிமை குரலில் இருந்தது. கண்ணிலும் கையிலும் அவ்வளவாக இல்லை என்பதை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1940இல் வந்த மணிமேகலைப் படத்திலும் இதே நிலைதான். ஆனாலும் சாத்தனாரின் காப்பியத் தலைவியை, எழுத்தறியாத மக்கள் பெயர் சொல்லி அறியும்படி செய்தது சிறிய செயலன்று.

இனி அரசியல். மேடை நடிகர்களைத் தேச விடுதலை இயக்கத்தின்பால் ஈர்த்தவர்களுள் தலையாயவர் தீரர் சத்தியமூர்த்தி. தாமே நாடக ஆர்வலரான அவர், நடிகர் என்றால் இளக்காரம் என்றிருந்த காங்கிரஸ் தலைவர்களிடையே வேறுபட்டு நின்றார். ஒரு தலைவர் ஒரு மணிநேரம் பேசி உணர்த்துவதை ஒரு பாட்டு நான்கு நிமிடங்களில் உணர்த்திவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார். விசுவநாததாஸ் போன்றோர் தேசியப் பாடல்களுக்காகச் சிறை சென்றனர். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கதராடை உடுத்தி மேடையில் தேசியப் பாடல்களைப் பாடினர். அவை இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. கணவர் மறைவுக்குப்பின் ஒதுங்கியிருந்த அம்மையாரை மீண்டும் பொதுவாழ்வுக்கு அழைத்து வந்ததில் காந்தியடிகளுக்கும் சத்தியமூர்த்திக்கும் பங்குண்டு. காந்தியடிகள் கொடுமுடியில் அம்மையார் இல்லத்துக்கு வந்தபோது பொன்தட்டில் உணவு பரிமாறப்பட்டதென்றும், உணவுக்குப்பின் அத்தட்டையே இயக்கத்துக்காகக் கேட்டுப் பெற்று அடிகள் ஏலம் விட்டாரென்றும் அவர் வரலாற்றை எழுதியோர் தவறாமல் கூறுவர். தேர்தல் கூட்டங்களில் அம்மையார் பாடுகிறார் என்றால் கூட்டம் தானே சேரும்; பேச வந்தவர்கள் அவர் பாடி முடிக்கும்வரை காத்திருந்தனர்.

நம் பகுதி மாணவர்க்கு ஒரு குறிப்பு. 1955 சனவரியில் ஆவடியில் நடைபெற்ற காங்கிரஸ் மாநாட்டின் திடலுக்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிடப்பட்டது. ஆவடி வழியே நாம் நாளும் செல்கிறோம். அப்பெயருக்குரியவர் 1943இல் மறைந்துவிட்டார். அவர் மேடையேற்றிய பாடகியோ, 1950களில் மாநிலச் சட்ட மேலவையின் உறுப்பினராக அமர்ந்தார். திரைப்படக் கலைஞர் ஒருவர் சட்டமன்ற அவை ஒன்றில் இடம்பெற்றது இந்தியாவிலேயே அதுவே முதன்முறை என்பர். அதன்பின் தமிழ்நாட்டில் திரையிலிருந்து ஆட்சிக்குச் சென்றோர் எத்துணையர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கெல்லாம் முன்சென்றவர், வெள்ளைப் புடவையணிந்த ஒரு பெண் என்பதை மட்டும் பலர் மறந்துவிட்டனர். அந்த மேலவையும் 1986இல் கலைக்கப்பட்டுவிட்டது.

ஔவை

1953இல் ஜெமினி நிறுவனத்தின் எஸ்.எஸ். வாசன் ஔவையார் படத்தை வெளியிட்டார். கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அப்படம் பல ஆண்டு உழைப்பின் பயன். யானைக்கூட்டம் கோட்டையைத் தகர்க்கும் காட்சியைக் காணவே மக்கள் திரண்டனர். ஆனால் வீடு திரும்பும்போது அவர்கள் நெஞ்சில் நின்றது கோலூன்றிய கிழவியின் முகம். இளமை ஔவையாகக் குசலகுமாரி நடித்தார். இறைவனை வேண்டி முதுமையைப் பெற்றபின் வருவது சுந்தராம்பாள். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்தைந்துதான். தம் இருபத்தைந்தாம் வயதிலேயே இளமையைக் கழற்றி வைத்துவிட்டவர், இளமையை வேண்டாமென்று கேட்டுத் துறந்த ஒருத்தியாக நடித்தார். திரைக்கதையை எழுதியவர்கள் இவ்வொற்றுமையை எண்ணினார்களோ இல்லையோ, பார்த்தவர்கள் எண்ணினர்.

இலக்கிய வரலாறு ஓர் ஔவையை ஒப்புக்கொள்வதில்லை. அதியமானுக்கு நண்பராய் விளங்கிய சங்ககால ஔவை வேறு. ஆத்திசூடி பாடிய பிற்கால ஔவை வேறு. நம் மாணவர்கள் தேர்வில் அவ்வாறே எழுதவேண்டும். ஆனால் தமிழ் மக்களின் நெஞ்சில் ஓர் ஔவைதான் வாழ்கிறாள். அவளுக்கு முகம் சுந்தராம்பாளின் முகம், குரல் சுந்தராம்பாளின் குரல். பள்ளிப் பாடநூலுக்கு ஔவையின் படம் வரைந்த ஓவியர்கள்கூட அந்தத் திருநீற்று நெற்றியிலிருந்து விடுபட முடியவில்லை.

1964இல் பூம்புகார் படம் வந்தது. உரையாடல் மு. கருணாநிதி, இயக்கம் ப. நீலகண்டன். பகுத்தறிவு இயக்கத்தின் எழுத்தாளர் ஒருவரும், நாளெல்லாம் முருகன் பெயர் சொல்லும் அம்மையாரும் சேர்ந்து, சமண சமயக் கவுந்தியடிகளை உருவாக்கினர். தமிழ்நாட்டில்தான் இது நடக்கும். கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துச் செல்லும் துறவியாக அம்மையார் நடந்து வரும்போது பாடும் பாடல், சிலம்பைப் படித்திராத ஊர்களில் சிலம்பைக் கொண்டு சேர்த்தது. மறு ஆண்டில் ஏ.பி. நாகராசனின் திருவிளையாடல். கே.வி. மகாதேவன் இசையில், கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானம் செய்யும் ஔவையாக வருகிறார். படம் முழுவதும் நடித்தவர்களின் பெயரை மறந்தவர்களும் அக்காட்சியை மறக்கவில்லை. தொடர்ந்து மகாகவி காளிதாஸ், கந்தன் கருணை எனப் பல படங்கள். துணைவன் படத்தில் பாடியமைக்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு வழங்கப்பட்டது. அவ்விருது அதற்கு முந்தைய ஆண்டில்தான் பி. சுசீலாவிலிருந்து தொடங்கியிருந்தது. 1970இல் பத்மஸ்ரீ. அறுபது வயதைக் கடந்த ஒரு குரலுக்கு, ஒலிப்பதிவுக் கருவிகளின் உதவியால் மென்குரல்கள் கோலோச்சிய காலத்தில், அவ்விருது கிடைத்தது. ஒலிவாங்கிக்கு ஓரடி பின்னால் நின்று பாடவேண்டிய குரல் அது.

1973இல் காரைக்காலம்மையார் படம். இளம் புனிதவதியாக இலட்சுமியும், பேயுருப் பெற்ற அம்மையாராகச் சுந்தராம்பாளும் நடித்தனர். கணவன் தன்னைத் தெய்வமென அஞ்சி விலகிச் சென்றபின், அழகுடைய உடலை உதறி எறிந்த அந்தப் புலவர், தலையால் நடந்து சென்று இறைவனின் ஆடலைக் கண்டு பாடிய தலம் திருவாலங்காடு. திருநின்றவூரில் வண்டியேறி அரக்கோணம் நோக்கிச் சென்றால், திருவள்ளூரைக் கடந்து சிறிது நேரத்தில் அந்நிலையம் வரும். மூத்த திருப்பதிகங்கள் பிறந்த இடம் இத்துணை அருகில் இருப்பதை நம் மாணவருள் எத்தனைபேர் அறிவர்?

நந்தன், மேகலை, ஔவை, கவுந்தி, காரைக்காலம்மை. இவர்களுள் யாரும் இல்வாழ்வில் நிறைவு கண்டவர் அல்லர். தாம் பூண்ட உறுதியின் காரணமாக அம்மையாருக்கு வேறு வேடங்கள் கிடைக்கவில்லை என்று சொல்வது எளிது. ஆனால் தமிழ் இலக்கியத்துள் ஆடவர் துணையின்றித் தனித்து நின்று நாடெங்கும் நடந்து, மன்னர் முன்னும் இறைவன் முன்னும் அஞ்சாமல் பேசிய பெண்கள் எத்துணைபேர் இருக்கிறார்கள் என்பதை அவருடைய படங்கள்தாம் தொகுத்துக் காட்டின. வேறொரு நடிகைக்கு அவ்வேடங்கள் நடிப்பு. இவருக்கு உடுத்திய உடையை மாற்ற வேண்டிய தேவைகூட மிகவில்லை.

அம்மையார் தம் ஊரை மறக்கவில்லை. கொடுமுடியில் தம் பெயரில் ஒரு திரையரங்கம் கட்டினார். ஒரு காலத்தில் எந்த ஊரில் உணவுக்கு வழியின்றி இருந்தாரோ, அதே ஊரில் அவர் பெயர் விளக்கொளியில் எழுதப்பட்டது. தமிழிசைச் சங்கம் அவருக்கு இசைப்பேரறிஞர் பட்டம் அளித்தது. முறைப்படி ஓர் ஆசிரியரிடம் பல்லாண்டு அமர்ந்து இசை பயின்றவர் அல்லர் அவர். கேட்டுக் கேட்டுக் கற்றார். பாடிப் பாடித் தேறினார்.

எழுபது வயதைக் கடந்து, 1980இல் சுந்தராம்பாள் சென்னையில் காலமானார். கிட்டப்பாவுடன் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். கிட்டப்பா இல்லாமல் வாழ்ந்தது ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள். கிட்டப்பாவின் விடிய விடியப் பாடிய குரல் இன்று பழைய இசைத்தட்டுகளில் மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாகத்தான் எஞ்சியிருக்கிறது. அம்மையாரின் குரலோ ஆடித் திங்களிலும் கிருத்திகை நாள்களிலும், பொழுது விடியுமுன் ஊர்க்கோயில்களின் குழாய் ஒலிபெருக்கிகளிலிருந்து எழுந்து, உறங்குவோரைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறது.